ஆறு நிமிடம் எங்கே போனது: ஜிடிஏ ஆன்லைன் லோடிங் கோளாறு, ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே கணினி, ஒரே ஆட்டம். கதைப் பகுதி திறக்கச் சுமார் 1 நிமிடம் 10 வினாடி ஆகிறது. ஆன்லைன் பகுதி திறக்க 6 நிமிடம். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 ஆட்டத்தின் ஆன்லைன் பகுதியான ஜிடிஏ ஆன்லைன் 2013 அக்டோபரில் வெளியாகி, 2015 ஏப்ரலில் கணினிக்கும் வந்தது. 2021 வரை இந்தக் காத்திருப்பை ஆடுபவர்கள் எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். "சர்வர் மெதுவாக இருக்கும்", "ஹார்டு டிஸ்க் பழசு", "இவ்வளவு பெரிய ஆட்டத்துக்கு இது சகஜம்தானே" என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒன்றுகூட அளந்து சொன்னதல்ல.

2021 பிப்ரவரி 28 அன்று டோஸ்ட் என்ற புனைபெயருடைய நிரலாளர் இதை அளந்து, காரணத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார். சோர்ஸ் கோடு அவர் கையில் இல்லை, டீபக் சிம்பல்களும் (ஃபங்ஷன்களின் பெயரைச் சொல்லும் தகவல்) இல்லை. கம்பைல் செய்யப்பட்டு, குலைத்தும் மறைத்தும் வைக்கப்பட்ட எக்ஸிகியூட்டபிள் மட்டுமே இருந்தது. ப்ரொஃபைலிங், அதாவது நிரலின் நேரம் எங்கே செலவாகிறது என்று அளப்பது, கற்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. இரண்டு கோளாறும் எளியவை, இரண்டும் எந்தக் குழுவின் கோடிலும் இன்றைக்கும் இருக்கக்கூடியவை.

முதலில், எந்த வளம் தீர்கிறது?

ப்ரொஃபைலரைத் திறக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: நிரல் வேலை செய்கிறதா, காத்திருக்கிறதா? சிபியு சாம்பிளிங் ப்ரொஃபைலர், அதாவது குறித்த இடைவெளியில் நிரலை எட்டிப்பார்க்கும் கருவி, சிபியுவில் ஓடும் நேரத்தைத்தான் காட்டும். டிஸ்க்குக்கோ நெட்வொர்க்குக்கோ லாக்குக்கோ காத்திருக்கும் த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) அதில் தென்படாது. அப்படிப்பட்ட நிரலில் சிபியு சாம்பிளை வைத்துக்கொண்டு தேடினால் சம்பந்தமில்லாத ஒன்றைத்தான் சரிசெய்துகொண்டிருப்போம்.

இங்கே டாஸ்க் மேனேஜரே போதுமானதாக இருந்தது. இரண்டு பகுதிக்கும் பொதுவான லோடிங் முடிந்த பிறகு, டிஸ்க், நெட்வொர்க், கிராஃபிக்ஸ் கார்டு மூன்றும் ஏறக்குறைய சும்மா கிடந்தன. நினைவகப் பயன்பாடும் அசையவில்லை. ஒரே ஒரு சிபியு கோர் மட்டும் நான்கு நிமிடம் முழு மூச்சில் ஓடியது.

இதில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. அவருடைய ப்ராசஸர் 8 கோர் உள்ள ஏஎம்டி எஃப்எக்ஸ் 8350. அதில் ஒரு த்ரெட் முழுதாக ஓடினாலும் மொத்த சிபியு அளவு 12.5 சதவீதம்தான். 16 த்ரெட் உள்ள இன்றைய கணினியில் 6.25. அந்த எண்ணைப் பார்த்து "சிபியு ஓய்வாக இருக்கிறது, சர்வர்தான் காரணம்" என்று முடிவுகட்டுவது மிக எளிது. டாஸ்க் மேனேஜர் வரைபடத்தை ஒவ்வொரு லாஜிக்கல் ப்ராசஸருக்கும் தனித்தனியாகக் காட்டும்படி மாற்ற வேண்டும். லினக்ஸில் டாப் கட்டளை ஓடும்போது 1 என்ற விசையை அழுத்தினால் கோர் வாரியாகத் தெரியும், பெரிய எச் அழுத்தினால் த்ரெட் வாரியாகத் தெரியும்.

சிம்பல் இல்லாமல் சாம்பிள் எடுத்தல்

அவர் பயன்படுத்தியது லூக் ஸ்டாக்வாக்கர் என்ற பழைய விண்டோஸ் கருவி. குறித்த இடைவெளியில் நிரலை நிறுத்தி, அந்த நொடியில் எந்த முகவரியில் ஓடுகிறது, அங்கே எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்தது என்று ஸ்டாக்கைப் பதிவுசெய்யும். பிறகு எல்லாவற்றையும் கூட்டி ஒரு அழைப்பு மரமாகக் காட்டும். சிம்பல் இல்லாததால் ஃபங்ஷன் பெயர்களுக்குப் பதில் வெறும் முகவரிகள் வந்தன. அருகருகே உள்ள முகவரிகள் ஒரே ஃபங்ஷனைச் சேர்ந்தவையா என்று கண்ணால் பார்த்துத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. அப்படிச் சேர்த்தபோது நேரம் இரண்டே இடங்களில் குவிந்திருந்தது.

இவ்வளவு முரட்டுத்தனமான அளவை நம்பலாமா? கணக்கு போட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு 99 சாம்பிள் வீதம் 250 வினாடி எடுத்தால் சுமார் 24,750 சாம்பிள் சேரும். பாதி நேரம் தின்னும் ஃபங்ஷனின் பங்கில் வரும் புள்ளியியல் பிழை அப்போது 0.3 சதவீதம் அளவுதான். வெறும் 100 சாம்பிள் எடுத்தால்கூடப் பிழை 5 சதவீதம். ப்ரொஃபைலரே இல்லாத இடத்தில் டீபக்கரை இணைத்து, நிரலைக் கையால் ஐந்து முறை நிறுத்தி ஸ்டாக்கைப் பார்த்தாலும் போதும். 70 சதவீத நேரம் தின்னும் ஒரு இடம் அந்த ஐந்து முறையிலும் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு 0.24 சதவீதமே. பெரிய கோளாறுக்குப் பெரிய கருவி வேண்டியதில்லை.

அடுத்தது டிஸ்அசெம்ப்ளி, அதாவது இயந்திரக் கோடைப் படிக்கக்கூடிய கட்டளைகளாகப் பிரிப்பது. டிஸ்கில் இருந்த எக்ஸிகியூட்டபிள் மறைக்கப்பட்டிருந்ததால் அதை நேரே பிரித்துப் படிக்க முடியாது. ஆனால் ப்ராசஸர் ஓட்ட வேண்டுமானால் நினைவகத்தில் கோடு வெளிப்படையாக இருந்தே ஆக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸை ப்ராசஸ் டம்ப் என்ற கருவியால் நினைவகத்திலிருந்து எடுத்து, அதை டிஸ்அசெம்ப்ளரில் திறந்தார். ப்ரொஃபைலர் தந்த முகவரிகளுக்குப் போனதும் இரண்டு கோளாறும் ஒரே இஃப் கூற்றுக்குள் அடுத்தடுத்து நின்றன.

முதல் கோளாறு: நீளம் அளக்கும் ஸ்ட்ர்லென்

ஆட்டத்தில் வாங்கக்கூடிய பொருள்களின் விலைப்பட்டியல் ஒரு ஜேசன் (தரவை உரையாக எழுதும் வடிவம்) கோப்பாக வருகிறது. அளவு சுமார் 10 எம்பி, பதிவுகள் சுமார் 63,000. 10 எம்பி ஜேசனைப் படிக்க ஒழுங்கான பார்சருக்கு (கோப்பைப் படித்துப் பிரிக்கும் நிரல்) ஒரு வினாடிகூட வேண்டாம். ஆனால் இங்கே மதிப்புகளைப் படிக்க எஸ்ஸ்கேன்எஃப் பயன்பட்டது, சிக்கல் அதன் உள்ளே இருந்தது.

எஸ்ஸ்கேன்எஃப் ஒரு சரத்தைக் கோப்பு போலப் பாவித்துப் படிக்கும் ஃபங்ஷன். கோப்பு என்றால் முடிவு எங்கே என்று தெரிய வேண்டும். அதனால் பெரும்பாலான சி நூலகங்களில், இரண்டு எழுத்து எண்ணைப் படிக்கக் கூப்பிட்டாலும் அது முதலில் ஸ்ட்ர்லென் வைத்துச் சரத்தின் கடைசி வரை போய் நீளத்தை அளந்துவிட்டு வரும். மளிகைச் சீட்டில் ஒவ்வொரு வரியைப் படிக்கும் முன்பும் சீட்டின் அடிவரை விரல் வைத்து எண்ணிவிட்டு வருவதைப் போன்ற வேலை இது. சீட்டில் பத்து வரி என்றால் யாருக்கும் தெரியாது.

எவ்வளவு பைட் வீணாகிறது என்று மதிப்பிடலாம். சராசரியாக மீதமிருக்கும் நீளம் 5 எம்பி. பதிவுக்கு மூன்று எண் இருப்பதாகக் கொண்டால் 1,89,000 அழைப்பு. பெருக்கினால் 945 ஜிபி. இந்தக் கோளாறை மட்டும் சரிசெய்தபோது மிச்சமான நேரம் 190 வினாடி. அப்படியானால் நினைவகத்தை வினாடிக்குச் சுமார் 5 ஜிபி வேகத்தில் ஸ்ட்ர்லென் படித்திருக்கிறது. டிடிஆர்3 நினைவகமுள்ள அந்தத் தலைமுறைக் கணினிக்கு இது பொருந்தும் வேகம்தான். மூன்று எண் என்பது என் அனுமானம். ஆனால் இப்படிக் குத்துமதிப்பாகப் பெருக்கிப் பார்ப்பது நோயறிதலின் ஒரு பகுதி. கண்டுபிடித்த காரணம் இழந்த நேரத்தை ஈடுகட்டும் அளவுக்குப் பெரியதா என்று பார்க்காமல் விட்டால், உண்மையான காரணம் வேறெங்காவது ஒளிந்திருக்கும்.

ப்ரொஃபைலரில் உச்சியில் வரும் பெயர் ஸ்ட்ர்லென். உச்சிப் பெயரோடு நின்றுவிடுகிறவர் "ஸ்ட்ர்லென்னை வேகப்படுத்தலாமா" என்று யோசிப்பார். அது ஏற்கெனவே வெக்டர் கட்டளைகளால் எழுதப்பட்ட, உலகிலேயே அதிகம் செதுக்கப்பட்ட ஃபங்ஷன்களில் ஒன்று. அதில் பிழிந்தெடுக்க ஒன்றுமில்லை. அதை யார் கூப்பிட்டார்கள், எத்தனை முறை, எவ்வளவு நீளமுள்ள சரத்தோடு என்பதுதான் கேள்வி. அதனால்தான் அழைப்பு மரம் இல்லாமல் எடுத்த ப்ரொஃபைல் பாதிப் பயன்கூடத் தராது.

இரண்டாவது கோளாறு: ஒவ்வொன்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிடுதல்

படித்த ஒவ்வொரு பொருளும் ஒரு வரிசைப் பட்டியலில் சேர்கிறது. சேரும் முன், அதே பொருள் ஏற்கெனவே இருக்கிறதா என்று பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை பார்க்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஹாஷ் மதிப்பு (அடையாள எண்) கணக்கிட்டுத் தயாராக இருந்தும், அதை வைத்து நேரே தேடும் ஹாஷ் அட்டவணை இல்லை. எல்லாப் பொருளும் வெவ்வேறானவை என்பதால் தேடல் ஒருமுறைகூடப் பாதியில் நிற்காது. மொத்த ஒப்பீடு (63,000² − 63,000) ÷ 2, அதாவது 198,44,68,500. ஏறக்குறைய 198 கோடி.

பட்டியல் தொடக்கத்தில் காலி, ஜேசனில் இரட்டைப் பதிவு எதுவும் இல்லை, சோதனையின்றி நேரே சேர்க்கும் ஃபங்ஷனும் அதே நிரலில் இருந்தது. ஆக, இந்த 198 கோடி ஒப்பீட்டில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

தற்காலிகத் திருத்தமும் நான்கு அளவுகளும்

சோர்ஸ் இல்லாததால் அவர் ஒரு டிஎல்எல் (ஓடும் நிரலில் ஏற்றக்கூடிய நூலகம்) எழுதி, மின்ஹுக் என்ற நூலகத்தின் மூலம் ஓடும் ப்ராசஸில் இரண்டு ஃபங்ஷன்களை இடைமறித்தார். ஸ்ட்ர்லென் ஒரு மிக நீளமான சரத்தைச் சந்தித்தால் அதன் தொடக்கத்தையும் முடிவையும் நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த அழைப்பு அந்த எல்லைக்குள் வந்தால், முடிவிலிருந்து கழித்து நீளத்தை உடனே சொல்லிவிடும். சரம் இடையில் மாறினால் இது தவறான விடை தரும் என்பதால் சரத்தின் முடிவை நெருங்கியதும் இடைமறிப்பை நீக்கிவிடுகிறது. இரண்டாவது இடத்தில் தேடலைத் தவிர்த்து நேரே சேர்க்கிறது.

ஒன்றும் மாற்றாமல் 6 நிமிடம். இரட்டைப் பதிவுத் தேடலை மட்டும் நீக்கினால் 4 நிமிடம் 30 வினாடி. ஜேசன் பகுதியை மட்டும் திருத்தினால் 2 நிமிடம் 50 வினாடி. இரண்டும் சேர்த்தால் 1 நிமிடம் 50 வினாடி. மொத்தக் குறைவு 69.4 சதவீதம்.

தனித்தனியாக ஒவ்வொன்றையும், பிறகு சேர்த்தும் அளந்தது மிக முக்கியம். இந்த நான்கு எண்களைச் சற்று உற்றுப் பார்த்தால் இன்னொரு செய்தி கிடைக்கிறது. தேடலை மட்டும் நீக்கியதில் மிச்சம் 90 வினாடி, ஜேசன் திருத்தத்தில் 190. கூட்டினால் 280. ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்தபோது மிச்சமானது 250 வினாடிதான். வேறு விதமாகச் சொன்னால், ஸ்ட்ர்லென் ஓடும்போது தேடலுக்கு 90 வினாடி, ஸ்ட்ர்லென் போன பிறகு அதே தேடலுக்கு 60 வினாடி. ஒப்பீட்டுக்கு 45 நானோவினாடியிலிருந்து 30 ஆக இறங்கியிருக்கிறது. அளவுகள் பத்து வினாடிக்கு முழுமையாக்கப்பட்டவைபோலத் தெரிவதால் இதில் கொஞ்சம் அளவீட்டு இரைச்சலும் இருக்கலாம். ஆனாலும் எஃப்எக்ஸ் 8350-இன் எல்3 கேச் (ப்ராசஸருக்குள் இருக்கும் வேக நினைவகம்) 8 எம்பி. ஒவ்வொரு பதிவின்போதும் பல எம்பி சரம் அதன் வழியாக ஓடினால் பட்டியலின் தரவு வெளியே தள்ளப்படும், தேடல் ஒவ்வொரு முறையும் பிரதான நினைவகத்துக்குப் போய்வர வேண்டியிருக்கும். எனக்கு இந்த விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது. ஒரு ஃபங்ஷனின் செலவு பக்கத்தில் ஓடுபவற்றையும் சார்ந்தது. ஒன்றைத் திருத்தியதும் பழைய ப்ரொஃபைலைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஆட்டத்தைத் தயாரித்த ராக்ஸ்டார் நிறுவனம் இந்தக் கண்டுபிடிப்பை உறுதிசெய்து, அவருக்கு 10,000 டாலர் வெகுமதி கொடுத்து, 2021 மார்ச் 16 அன்று அதிகாரபூர்வத் திருத்தத்தை வெளியிட்டது.

ஏன் யார் கண்ணிலும் படவில்லை

இரண்டு கோளாறும் தரவின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்பவை. 250 வினாடி என்பது 63,000 பதிவுக்கான விலை. தரவு பத்தில் ஒரு பங்காக இருந்தால் நேரம் நூறில் ஒரு பங்கு, அதாவது 2.5 வினாடி. ஒரு நிமிடம் ஓடும் லோடிங்கில் அதை யார் கவனிப்பார்கள்? பாதித் தரவுக்கு 62 வினாடி. தரவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் எந்த ஒரு நாளும் "நேற்றுவரை நன்றாக இருந்தது" என்று சொல்ல முடியாது. சிறிய மாதிரிக் கோப்பை வைத்து மட்டும் சோதிக்கும் எந்தக் குழுவும் இதில் மாட்டும்.

உங்கள் கோடில் இதைத் தேடுவது எப்படி

லினக்ஸில் பெர்ஃப் என்ற ப்ரொஃபைலர் போதும். மைனஸ் ஓ2 (ஆப்டிமைசேஷன் கொடி), மைனஸ் ஜி (டீபக் தகவல் சேர்க்கும் கொடி) இரண்டோடும் கம்பைல் செய்யுங்கள். ஆப்டிமைசேஷன் இல்லாத பில்டை ப்ரொஃபைல் செய்தால் உண்மையில் ஓடாத ஒரு நிரலை அளந்தவர்களாவோம். ஃப்ரேம் பாயிண்டரை (யார் யாரைக் கூப்பிட்டார் என்று பின்தொடர உதவும் குறி) விட்டுவிடாதே என்ற கொடியையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டாக் நடுவில் அறுந்து "அன்னோன்" என்று நிற்கும். ஃபெடோரா 38-உம் உபுண்டு 24.04-உம் தங்கள் பேக்கேஜ்களை இயல்பாகவே ஃப்ரேம் பாயிண்டரோடு கட்டுகின்றன, அதனால் அங்கே நூலகங்களின் ஸ்டாக்கும் ஓரளவு ஒழுங்காக வரும். உபுண்டுவில் பெர்ஃப் அனுமதி மறுத்தால் கர்னலின் பெர்ஃப் ஈவென்ட் பாரனாய்ட் அமைப்பு 4 என்று இருக்கும். அதை 1 ஆக்குங்கள்.

பிறகு வினாடிக்கு 99 சாம்பிள், அழைப்பு மரத்தோடு பதிவு. 100 என்று வைக்காததற்குக் காரணம், நிரலிலேயே நூறில் ஒரு வினாடிக்கு ஒருமுறை நடக்கும் வேலை இருந்தால் சாம்பிள் அதோடு கைகோத்து நடந்து பொய்ப் படம் காட்டும்.

இந்தக் கோளாறுக்கென்றே ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. ஸ்ட்ர்லென் கையால் எழுதிய அசெம்ப்ளி. அது தனக்கென ஃப்ரேம் அமைக்காது. அதனால் ஃப்ரேம் பாயிண்டர் முறையில் அதை நேரடியாகக் கூப்பிட்டவர் மரத்திலிருந்து காணாமல் போய், அவருக்கும் மேலே உள்ளவர்தான் கூப்பிட்டார் என்பதுபோலத் தெரியும். சந்தேகம் வந்தால் ட்வார்ஃப் முறையில், அதாவது டீபக் தகவலை வைத்து ஸ்டாக்கைப் பின்தொடரும் முறையில், மறுபடி பதிவுசெய்யுங்கள். அது சாம்பிளுக்கு 8 கேபி ஸ்டாக்கை அப்படியே நகலெடுக்கும். கோப்பு வேகமாகப் பெருக்கும் என்பதால் பத்து, இருபது வினாடிக்கு மேல் வேண்டாம்.

அறிக்கையை இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். தன் சொந்த நேரத்தின்படி அடுக்கினால் ஸ்ட்ர்லென், அல்லது ஜிலிப்சி (பெரும்பாலான லினக்ஸில் இருக்கும் சி நூலகம்) பதிப்பைப் பொறுத்து அதே வேலையைச் செய்யும் ராமெம்சிஎச்ஆர், மேலே வரும். தான் கூப்பிட்டவர்களின் நேரத்தையும் சேர்த்து அடுக்கினால் உங்கள் பார்சரின் பெயர் மேலே வரும். இரண்டுக்கும் இடையில் எஸ்ஸ்கேன்எஃப் நின்றால் விஷயம் முடிந்தது.

ஜிப்ரோஃப் என்ற ப்ரொஃபைலர் இங்கே உதவாது. பகிர்வு நூலகங்களில் கழியும் நேரத்தை அது கணக்கில் எடுப்பதில்லை. 190 வினாடி முழுக்க சி நூலகத்துக்குள் கழியும் இந்த நிரலில் அது வெற்றுத்தாளைப் போன்ற அறிக்கை தரும். கால்கிரைண்ட் என்ற கருவி துல்லியமாக எண்ணும், ஆனால் நிரலைப் பல பத்து மடங்கு மெதுவாக்கும். அதற்குத் தரவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக் கொடுங்கள். அழைப்பு எண்ணிக்கையைச் சரியாகச் சொல்வது அதன் பலம்.

எந்த சி நூலகத்தில் ஓட்டினீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள். ஆல்பைன் லினக்ஸில் இருக்கும் மசில் நூலகத்தின் எஸ்ஸ்கேன்எஃப் சரம் முழுவதையும் அளப்பதில்லை, 256 பைட் அளவிலான துண்டாகத்தான் முன்னே பார்க்கும். அதே நிரல் ஆல்பைன் கண்டெய்னரில் சிட்டாய்ப் பறந்து, உபுண்டு சர்வரில் திணறும். சோதனை ஒன்றிலும் ஓட்டம் இன்னொன்றிலும் என்றால் முதல் கோளாறு சோதனையில் அகப்படவே அகப்படாது.

நிரந்தரத் திருத்தம் சிறியது. எண்ணைப் படிக்க சி++17-இன் ஃப்ரம் சார்ஸ், அல்லது சி-யில் எஸ்டிஆர்டிஓஎல். எண் முடியும் இடத்தில் இவை நின்றுவிடும், நீளம் கேட்பதில்லை. ஜிசிசியில் தசம எண்ணுக்கான ஃப்ரம் சார்ஸ் 11-ஆம் பதிப்பிலிருந்துதான் உண்டு. பழைய கம்பைலர் என்றால் எஸ்டிஆர்டிஓடி, ஆனால் அது லொக்கேலை (கணினியின் நாடு, மொழி அமைப்பு) பார்க்கும். தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி இடும் லொக்கேலில் ஜேசன் எண்கள் பாதியில் வெட்டுப்படும். இரட்டைப் பதிவைத் தடுக்க ஹாஷ் அட்டவணை, அல்லது எல்லாம் சேர்ந்த பிறகு ஒருமுறை வரிசைப்படுத்தி அடுத்தடுத்தவற்றை ஒப்பிடுதல்.

திருத்திய பிறகு பில்டில் ஒரு சோதனை சேர்த்துவிடுவது நல்லது. ஒரே வடிவில் இரண்டு ஜேசன் கோப்புகள், ஒன்றில் 20,000 பதிவு, மற்றதில் 80,000. இரண்டையும் ஐந்தைந்து முறை படித்து, நடு மதிப்பை எடுத்து, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். நேர்க்கோட்டில் வளரும் நிரலுக்கு விடை 4-ஐ ஒட்டி வரும், வரிசைப்படுத்தல் இருந்தால் அதைவிடச் சற்றே கூடும், வர்க்கமாக வளர்ந்தால் 16-ஐ நெருங்கும். எல்லையை 6 என்று வைத்தால் கேச் அளவால் வரும் சிறு ஏற்றமும் தாங்கும், மெதுவான சோதனைக் கணினியிலும் அதே எல்லை செல்லும். வினாடிக் கணக்கில் எல்லை வைத்தால் சர்வர் மாறும்போதெல்லாம் அந்த எண்ணையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டிவரும்.